இலவச வி.பி.என் பரிந்துரைக்கும் யூடியூப் தம்பி தங்கைகளுக்கு

வணக்கம். உங்கள் காணொளிகளை நானும் பார்ப்பவன்தான், என் பழைய மடிக்கணினி இன்றுவரை ஓடுவது உங்களில் ஒருவரின் புண்ணியத்தில். அதனால் கோபத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டே எழுதுகிறேன்.

போன கிழமை சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அவருடைய போனில், பற்றரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாவிப் படம். வி.பி.என், அதாவது நம் இணையத்தை இன்னொரு நிறுவனத்தின் கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி, ஓடுகிறது என்பதன் அடையாளம் அது. என்ன இது என்று கேட்டால், "ஈஸ்டர் குண்டு வெடிச்ச நேரம் பக்கத்து வீட்டுப் பெடியன் போட்டுத் தந்தவன். சாவி இருந்தா பூட்டியிருக்காம், ஒருத்தரும் பார்க்க ஏலாதாம்" என்கிறார். இடையில் போன் மாறியிருக்கிறது, புதிதிலும் அதையே போடுவித்திருக்கிறார்.

இலங்கையில் அந்தக் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21 உங்களுக்கு நினைவிருக்கும். பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தி 30ஆம் திகதிதான் திறந்தார்கள். இலண்டனில் இருக்கிற மகன் "அம்மா இருக்கிறீங்களா" என்று அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான், இங்கே ஒன்றும் வந்து சேரவில்லை. மறுநாள் அந்தப் பெடியன், உங்களைப் போன்ற ஒருவரின் காணொளியில் முன்பே பார்த்து வைத்திருந்த வி.பி.என்னைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் சின்னம்மா மகனின் குரலைக் கேட்டார். அன்றைக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அவர் போன இணையமெல்லாம், வங்கியிலிருந்து கோயில் குழு வரைக்கும், யாரென்றே தெரியாத ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் போயிருக்கிறது. அதன் இணையதளத்தைத் தேடிப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் இல்லை, நாடு இல்லை, ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும். எழுதியதை எச்டிடிபிஎஸ் என்ற இணையப் பூட்டு மறைக்கும், சரி. எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனார் என்பதை அவர்களிடமிருந்து யார் மறைப்பது?

என் கோரிக்கை ஒன்றுதான். "லிங்க் கீழே" என்று சொல்வதற்கு முன்னால், அதை நடத்துவது யார், காசு எங்கிருந்து வருகிறது, உங்களுக்கு அதில் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

இலவசம் எப்படி ஓடுகிறது என்பதற்குக் கதைகள் ஏற்கனவே இருக்கின்றன. ஹோலா என்ற இலவச வி.பி.என் உலாவி நீட்சியை (உலாவியில் சேர்க்கும் துணைச் செயலி) போட்டவர்களின் இணைப்பையே அந்த நிறுவனம் மற்றவர்களுக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. ஒனாவோ என்ற "பாதுகாப்பு" செயலி பேஸ்புக்குடையது, யார் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அளந்துகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் பத்து நிமிடக் காணொளியில் ஒரு நிமிடம் சொல்ல முடியாதா?

அப்புறம், தடையைத் தாண்டுவதும் ஆள் தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல. வி.பி.என் போட்டால் நமக்கு இணையம் தருகிற டயலொக்கோ மொபிடலோ பார்க்காது, வி.பி.என்காரன் பார்ப்பான். டோர் என்ற, ஆளை மறைப்பதற்கான உலாவியில் நம் இணைப்பு மூன்று கணினிகளைச் சுற்றிப் போவதால் யார், எங்கே போகிறார் என்ற இரண்டும் ஒரே இடத்தில் சேராது. வேகம் குறைவு, அது அதன் விலை. ஆனால் அதற்குள்ளேயும் போய் உங்கள் பெயரில் பேஸ்புக்கைத் திறந்தால் பேஸ்புக்குக்கு நீங்கள் நீங்கள்தான். ஒருவர் டோரில் இன்னும் நான்கு நீட்சி போடச் சொல்லிக் கொடுக்கிறார். டோர்காரர்களே வேண்டாம் என்கிறார்கள், நீட்சி கூடக் கூடக் கூட்டத்தில் தனியாகத் தெரிவோம். இன்னொருவர் ஸ்னோஃப்ளேக் நீட்சியைக் குரோமில் போட்டால் "நீங்கள் மறைந்துவிடுவீர்கள்" என்கிறார். ஐயா, அது தடை உள்ள நாட்டில் இருப்பவர் டோருக்குள் வர நாம் வழிவிடுகிற நீட்சி! நல்ல காரியம், போடுங்கள், ஆனால் நீங்கள் மறையமாட்டீர்கள்.

அரசாங்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2018 மார்ச், 2019, 2022 ஏப்ரல் என்று சமூக வலைத்தளங்களை மூடி மூடித்தான் எங்கள் எல்லாரையும் உங்கள் காணொளிக்கு அனுப்பி வைத்தார்கள். 2022இல் மூடியபோது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, வி.பி.என் இருக்கும்போது இந்தத் தடையால் பயனில்லை, தானும் அதில்தான் இருக்கிறேன் என்று ட்விட்டரில் எழுதினார். அவர் எதைப் போட்டிருந்தாரோ, அதையாவது யாராவது விமர்சனம் செய்திருக்கலாம். இப்போது 2024 பெப்ரவரியிலிருந்து, இணையத்தில் எழுதுவதற்குத் தண்டனை தரக்கூடிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. "யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று நீங்கள் சொன்னதை நம்பி ஒரு பெடியன் எதையாவது எழுதி மாட்டிக்கொண்டால் நீங்களா நீதிமன்றத்துக்குப் போவீர்கள்?

சரி, குரல் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். பழைய காணொளிகளை அழிக்கச் சொல்லவில்லை. கீழே விளக்கத்தில் அந்த மூன்றையும் சேர்த்துவிடுங்கள், யார் நடத்துகிறார்கள், காசு எப்படி, உங்களுக்கு எவ்வளவு. வேலை முடிந்ததும் எப்படி நிறுத்துவது, எப்படிக் கழற்றுவது என்றும் காட்டினால் பெரிய உதவி. சின்னம்மாவின் போனில் நான் அதைக் கழற்றிவிட்டேன். சாவியைக் காணவில்லை, யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று நேற்று இரவு கூப்பிட்டுச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரன் ஒருவன்