பெரிய தாத்தாவின் திதி

பூம்பாறை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாச்சு. இங்கே பூண்டு எடுத்துக் கட்டுப் போட்டாயிற்று. விலையும் பரவாயில்லை.

உன்னிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கும் சேதி வேறு. இரண்டாம் உலகப் போரில் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பாத எங்கள் பெரிய தாத்தாவின் பதிவு கிடைத்துவிட்டது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்த மெடல் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறு முனை நட்சத்திரம், வட்டத்தில் 'பர்மா ஸ்டார்' என்று எழுத்து, ரிப்பன் இற்றுப்போய் நூலாகத் தொங்கும். அதை வைத்துத்தான் ஆரம்பித்தேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். திண்டுக்கல் என்று போட்டால் நம் ஊர் ஆள் யாரும் வரவில்லை. மாவட்டம் பிரிந்ததே 1985இல்தானே! அந்தக் காலத்தில் இந்த மலையெல்லாம் மதுரை ஜில்லா. ஆங்கிலத்தில் 'மதுரா' என்று பழைய எழுத்தில் தேடியதும் வந்துவிட்டார். ஊர்ப் பெயரை அடையாளம் தெரியாமல் சிதைத்திருந்தார்கள். ஆனால் தகப்பன் பெயரும், மனைவி என்று பாட்டியின் பெயரும் அப்படியே இருந்தன. பாட்டி பெயரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்டா.

ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். படைக்கு அரிசி, பருப்பு, தோட்டா எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். லாரியும் உண்டு, கோவேறு கழுதையும் உண்டு. "மனுசன் அங்கயும் பொதி அடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தாரு" என்று பாட்டி சொல்வது இதைத்தான். கொடைக்கானலுக்குக் குதிரையில் பொதி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவரை வேறு எதில் போடுவார்கள்?

இறந்த தேதி 1944 ஜூன் 13. எப்படி இறந்தார் என்று அந்தப் பதிவுகளில் எழுதுவதில்லை. அந்த மாதம் பர்மா எல்லைப் பக்கம் இருக்கும் இம்பால் ஜப்பான்காரர்களின் முற்றுகையில் இருந்தது. கோஹிமாவிலிருந்து வரும் ரோடு திறந்ததே ஜூன் 22இல்தான். அடைமழை வேறு. குண்டடி பட்டவர்களைவிட மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்தவர்கள் பல மடங்கு.

தனிக் கல்லறை கிடையாது. பழைய ரங்கூனான யாங்கோனுக்கு வடக்கே தவுக்கியானில் ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அதில் இவரும் ஒருவர். சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இறந்தார்கள் என்று ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகியில் அங்கே பொறித்திருக்கிறது. தமிழில் இல்லை. எத்தனை தமிழ்ப் பெயர்கள் அந்தத் தூண்களில் இருக்கின்றன! எனக்கு மனசு ஆறவே இல்லை.

தேதி தெரியாததால் இத்தனை வருஷமும் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விட்டோம். இப்போது பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டேன். தாரண வருஷம், வைகாசிக் கடைசி, தேய்பிறை அஷ்டமி. வருகிற வைகாசியில் அவருக்கென்று தனியாகத் திதி கொடுக்கப் போகிறோம். அப்பா இப்போதே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்துவிட்டார்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அவர் இருந்த சர்வீஸ் கோரின் (இப்போது ஏ.எஸ்.சி.) ஆவண அலுவலகம் உங்கள் பெங்களூரில்தான் இருக்கிறது. படை எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சேர்ந்த நாள், எந்தக் கம்பெனி, ஏதாவது தாள் மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல். உன் அம்மா வழித் தாத்தா ரோடு, பாலம் போடும் படையான மெட்ராஸ் சாப்பரில் இருந்தார் என்பாயே, அவர்கள் தலைமையிடமும் அங்கேதான். அதையும் சேர்த்துக் கேட்டுவிடு. அத்தைகள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

வைகாசிக்குக் குடும்பத்தோடு வந்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்