பன்றியும் கம்பியும்

கண்ணு,

நேற்று போனைப் பாதியிலேயே வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் இல்லை. "காட்டுப்பன்றியைச் சுடறதுக்கு அரசாங்கமே உத்தரவு போடுது, அது நல்லதுன்னு நீயும் அப்பாவும் சொல்றீங்களே, எப்படிம்மா மனசு வருது" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை, ராத்திரி தூக்கமும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மனசு வரவில்லை, கண்ணு. நீ அனுப்பின படத்தில் முதுகில் கோடு போட்ட அந்தக் குட்டிகளை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். தாய் முன்னால் போக, பின்னால் ஆறு குட்டி வரிசையாக வந்தது. டார்ச் அடித்தேன், கடைசிக் குட்டி நின்று வெளிச்சத்தையே பார்த்தது. கையில் தகரம் இருந்தும் நான் தட்டவில்லை. மறுநாள் அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

ஆனால் போன புதன்கிழமை விடியற்காலை அப்பா வந்து வாசலில் உட்கார்ந்தவர் டீயைக்கூடத் தொடவில்லை. நான் போய்ப் பார்த்தேன். மேட்டுக்காட்டில் கடலை முற்றுகிற நேரம், டில்லர் ஓட்டின மாதிரி மண் புரண்டு கிடக்கிறது, செடியெல்லாம் வேரோடு சாய்ந்திருக்கிறது, மென்று துப்பின தோல் பாத்தி முழுக்க. ஒரே ராத்திரியில் கால் ஏக்கர் போச்சு. அதற்கு முன்பே, பன்றி வராமல் இருக்க, சலூனிலிருந்து முடி வாங்கி வந்து வரப்பில் தூவினோம், என் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினோம், பத்து நாளில் பன்றி அதற்கெல்லாம் பழகிவிட்டது.

நீ நினைக்கிற மாதிரி ஊரில் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுக்கவில்லை. 2025 ஜனவரியில் அரசாங்கம் சொன்னது இதுதான்: காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை ஆட்களே சுடுவார்கள், ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள், ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. நம் நிலம் காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், அதனால் நமக்குக் கூண்டு மட்டும்தான். அதைக்கூட நான் குறை சொல்லவில்லை.

என் பயம் வேறு. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் பக்கத்து நிலத்துக்காரர் வந்து, "ஒரு கம்பியக் கட்டி கரண்டு லைன்ல கொக்கி போட்டா முடிஞ்சது, எத்தனை நாளைக்குக் கண்ணு முழிப்பீங்க" என்றார். அப்பா உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை, கண்ணு. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். முப்பது வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் பயிரைக் காக்கப் போட்ட மின்வேலியில் மூன்று யானை செத்ததே, தப்பித்த இரண்டு குட்டியும் அந்த இடத்தை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் கம்பிக்குப் பன்றியும் ஒன்றுதான், யானையும் ஒன்றுதான், விடியலில் சொம்பு எடுத்துக்கொண்டு போகிற ஆளும் ஒன்றுதான். தீனிக்குள் வெடிமருந்து வைத்துப் போடுகிற அவுட்டுக்காயும் அப்படித்தான். நம் செவலைப் பசு எதையோ கடித்து, கீழ்த்தாடை பிய்ந்து தொங்க வீட்டுக்கு நடந்தே வந்து, தொட்டியில் தண்ணீருக்கு மூக்கை வைத்தது. குடிக்க முடியாமல் தொட்டித் தண்ணீரெல்லாம் சிவந்தது. அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய், பசுவை விற்றுவிட்டோம் என்று உன்னிடம் பொய் சொன்னோம்.

உங்கள் தாத்தா முயல் வேட்டைக்குப் போனவர்தான். பொங்கல் முடிந்ததும் வலை, தடி, நாய் என்று ஊரே கிளம்பும். வேட்டை கூடாது என்று 1972லேயே சட்டம் வந்தும் எங்கள் ஊருக்கு அது வந்து சேர வெகுநாள் ஆனது. பட்டப்பகலில் போவார்கள், சினை முயல் வலையில் விழுந்தால் எடுத்து விட்டுவிடுவார்கள், கறியைக் கூறு போடும்போது நாய்க்காரனுக்கும் ஒரு கூறு உண்டு. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை, இப்போது முயலே கண்ணில் படுவதில்லை. என்ன செய்தார்களோ அதை நாலு பேர் பார்க்கச் செய்தார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன். மொத்தமாகக் கூடாது என்று நீங்கள் அங்கே கையெழுத்துப் போட்டால் இங்கே பன்றி சாவது நிற்காது, அது ராத்திரியில் கம்பியிலும் காயிலும் சாகும், கூடவே வேறு எது எதுவோ சாகும்.

காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதையும், தரிசு நிலமெல்லாம் புதராகிப் பன்றிக்கு வீடாகிவிட்டதையும் பற்றி நீ சொன்னது சரிதான். அதற்கும் சேர்த்து எழுதிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். பயிர் நஷ்டத்துக்கு மனு கொடுத்தால் பணம் சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்றும் கேளுங்கள். அது வந்தால் பக்கத்து நிலத்துக்காரர் கம்பியைப் பற்றிப் பேசமாட்டார்.

அப்பா நேற்று நிலத்தில் காவலுக்குப் பரண் கட்டிவிட்டார். கம்பி வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொன்னார், ஆனாலும் ராத்திரி இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் வரும்போது நீ போடாத பழைய துப்பட்டா இருந்தால் எடுத்து வா, நல்ல பளிச்சென்ற நிறமாக இருக்கட்டும். சேலை எல்லாம் தீர்ந்துவிட்டது.

அம்மா