தாச்சிக்கு முன்னால் எட்டு மணித்தியாலம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

உள்ளூரில் செய்யும் மிக்சர், முறுக்கு, கச்சான் (நிலக்கடலை) பக்கற்றுகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் முறைப்பாடுகள் இரண்டு. ஒன்று, எண்ணெய் கெட்ட காறல் மணம். மற்றது, வாங்கி நாலு நாளில் நமத்துப்போகிறது என்பது. இரண்டும் உண்மைதான். மலிவான மா, கலப்பட எண்ணெய், முதலாளியின் பேராசை என்று மக்கள் சொல்லும் காரணங்களும் சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால் திருகோணமலை நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடக்கும் கூடங்களில் பழுது பெரும்பாலும் வேலை ஒழுங்கிலேயே தொடங்குகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்ற வகையில் அது எங்கே, எப்படி நடக்கிறது என்பதை உங்கள் பத்திரிகை மூலம் தெரியப்படுத்த விரும்புகிறோம்.

முதலில் முறுக்கு உரல். கெட்டியாகக் குழைத்த மாவைக் கையுரலில் பிழிவது மணிக்கட்டை வாங்கிவிடும். கிலோக் கணக்குக்குக் கூலி என்றால் பிழிகிறவர் என்ன செய்வார்? மாவில் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். மா இலகுவாக இறங்கும், கையும் தப்பும். ஆனால் தாச்சியில் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும்போது மாவுக்குள் நுண்ணிய துவாரங்களை விட்டுச் செல்கிறது. அவற்றில் எண்ணெய் போய் நிற்கும். பக்கற்றைப் பிரித்ததும் விரலில் ஒட்டும் எண்ணெய்க்கும் நாலாவது நாள் காறலுக்கும் மூலம் அந்தக் கைத்தண்ணீர்தான். பூந்தி மாவிலும் இதே கதை. மா தடித்தால் மணிக்கு வால் முளைக்கும், இளகினால் மணி தட்டையாகும். ஒரு கிலோ கடலைமாவுக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று அளவுக் குவளையில் கோடு போட்டு வைத்த கூடத்தில் இந்தத் தகராறு இல்லை. அந்தக் கோட்டோடு உரலையும் பார்க்க வேண்டும். மோட்டர் உரல் வாங்க முடியாவிட்டால் திருகுபிடி வைத்த உரலாவது வேண்டும். அதுவும் இல்லாமல் தண்ணீர் சேர்க்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

அடுத்தது தாச்சி. முறுக்கும் ஓமப்பொடியும் பொரிய எண்ணெய் 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை நிற்கவேண்டும். அனுபவசாலிகள் ஒரு துளி மாவைப் போட்டு அது எழும்பும் வேகத்தில் சூட்டைக் கணித்துவிடுவார்கள். காலையில் அந்தக் கணிப்புப் பிழைக்காது. ஆறாவது மணித்தியாலத்தில், கண் எரிந்து, எண்ணெயும் கறுத்த பிறகு பிழைக்கும். ஓடர் கூடிய நாளில் ஒரே ஈட்டில், அதாவது ஒரு தடவையில், அளவுக்கு மிஞ்சிப் போடுவார்கள். எண்ணெய் 140 பாகைக்கு இறங்கிவிடும், பலகாரம் பொரியாமல் எண்ணெயில் ஊறும். உடனே கேஸைக் கூட்டுவார்கள். அந்த ஈடு வெளியே வந்ததும் வெறும் எண்ணெய் 200 பாகையைத் தாண்டிப் புகையும். இப்படி இறங்கி ஏறும் எண்ணெய் ஒரே சூட்டில் நிற்கும் எண்ணெயைவிட வெகு விரைவில் கெடுகிறது. பொரிக்கும் ஈட்டுக்கு ஆறு பங்கு எடை எண்ணெய் இருந்தால் சூடு அதிகம் விழாது. தாச்சி விளிம்பில் கொழுவிவைக்கும் வெப்பமானி பெரிய செலவும் அல்ல.

எண்ணெய் கெடுவதற்கு எங்களுக்குள்ளேயே அதிகம் பேசப்படாத காரணங்கள் சில உண்டு. கடலையையும் பட்டாணியையும் அப்பச்சோடாவில் ஊறவைப்பது வழக்கம். இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் பொரித்தால், ஒட்டியிருக்கும் சோடா எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரமாகும். தாச்சி நுரைத்து வழிவது அதனால்தான். உப்பை எண்ணெய்க்கு மேலேயே தூவுவது இன்னொன்று. செம்பு, பித்தளைக் கண்ணகப்பை வேறொன்று. அந்த உலோகம் காறலை வேகப்படுத்தும், எவர்சில்வர் போதும். எல்லாவற்றிலும் மோசமானது அடியில் தங்கும் கசடு. ஒவ்வொரு ஈட்டிலும் உதிரும் மாத்துகள் அடியில் கருகிக்கொண்டே இருக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி வடிக்கவேண்டும். 30 லீற்றர் எண்ணெயைச் சூடு தணியவிட்டு வடித்து மறுபடி ஏற்ற நிறைய நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது என்றால் யாரும் வடிக்கமாட்டார்கள், புது எண்ணெயைப் பழையதன்மேல் ஊற்றிச் சமாளிப்பார்கள். இரண்டு தாச்சி வைத்து மாறி மாறி வடிப்பதே வழி. பொரித்த எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் துருவச் சேர்மங்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மீண்டும் பாவிக்கக்கூடாது என்பது இந்தியாவில் 2018 ஜூலை 1 முதல் விதி. அதை அளக்கும் கைக்கருவியும் கிடைக்கிறது. பிரதேச சபைக்கு ஒன்று வாங்கினால் பல கூடங்களுக்குப் போதும்.

2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதித் தடை அறிவிக்கப்பட்டபோது தேங்காய் எண்ணெய்க்கு மாறலாம் என்ற பேச்சு எழுந்தது. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 பாகையளவிலேயே புகையத் தொடங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. எண்ணெயை மாற்றுகிறவர் அடுப்பையும் மாற்றவேண்டும்.

அந்த அடுப்புக்கு முன்னால் நிற்பவரைப் பற்றி. வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது தகரக் கூரைக்குக் கீழே நிழலும் சுடும். (எங்கள் ஊரில் கச்சான் என்றால் காற்றும்தான், கடலையும்தான், இரண்டும் வறுக்கும் சங்கதி.) பல கூடங்களில் மின்விசிறி உண்டு, ஆனால் அது பொதிசெய்யும் பக்கம் திரும்பியிருக்கும். அடுப்புப் பக்கம் திருப்பினால் சுவாலை சாய்ந்து தாச்சியின் ஒரு பக்கம் மட்டும் சுடும், அதனால் பொரிக்கிறவரே அதைத் திருப்பிவிடுவார். தேவை மின்விசிறி அல்ல. தாச்சிக்கு நேர்மேலே தகரக் கூம்பும் அதன் உச்சியில் வெளியே இழுக்கும் விசிறியும். அடுப்புக்கு எதிர்ச்சுவரில், ஆளின் முதுகுப் பக்கம், இழுவிசிறி பூட்டினால் புகை முழுவதும் ஆளின் முகத்தைத் தாண்டித்தான் போகும். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர் குடிக்கவேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது பிந்திய வேலை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே ஆளை அடுப்படியில் நிறுத்தக்கூடாது. பொதி மேசைக்கும் தாச்சிக்கும் ஆளை மாற்றிவிட்டால் சூட்டுக் கணிப்பும் பிழைக்காது.

தீ பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பல இடங்களில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது தண்ணீர் வாளிதான். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆயிரத்தெழுநூறு மடங்காக ஆவியாகி விரியும், எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கும். கேஸை மூடி, தாச்சியை மூடவேண்டும். அந்த மூடி அடுப்புக்குப் பின்சுவரில் அல்ல, வாசல் பக்கம் தொங்கவேண்டும். தீயைத் தாண்டிப் போய் யாரும் மூடி எடுக்கமாட்டார்கள். கறிவேப்பிலையை முதல்நாளே கழுவி உலர்த்தினால் தெறிப்புப் பாதி குறையும். கையில் எண்ணெய் பட்டால் உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்கவேண்டும். பற்பசை, ஐஸ் இரண்டும் வேண்டாம்.

தூள் கலப்பதும் சுலபமான வேலை இல்லை. மிளகாய்த்தூளும் உப்பும் பலகாரம் சூடாக, மேலே எண்ணெய்ப் படலம் இருக்கும்போதுதான் பிடிக்கும், ஆறினால் பக்கற்றின் அடியில் சேரும். ஆகவே சூட்டோடு சூடாகக் கிளறவேண்டும், அப்போது கிளம்பும் நெடிதான் அறை முழுவதையும் இருமவைப்பது. உயரத்தில் இருந்து வீசாமல், துளையிட்ட தகரப் பேணியில் தூளைப் போட்டுப் பலகாரத்துக்கு ஒரு சாண் மேலே தட்டினால் நெடியும் குறையும், தூளும் மிச்சம்.

இனிக் கச்சான். கோணேசர் கோவிலுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகும் பண்டம் என்பதால் இதில் பிழை விட்டால் ஊருக்கே கெட்ட பெயர். மழைக்காலத்தில் சாக்குகளைச் சீமெந்துத் தரையில் அடுக்கினால் அடிச்சாக்கில் பூஞ்சணம் பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளரொக்சின் ஈரலுக்குக் கேடான நஞ்சு, வறுத்தாலும் முழுதாக அழியாது. சாக்கு தரையிலிருந்து அரை அடி உயரமான தட்டில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கவேண்டும். பிறகு தெரிவு. சுருங்கியது, நிறம் மாறியது, முளைத்தது, உடைந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கவேண்டும். வெள்ளை மேசை, தலைக்கு நேர்மேலே வெளிச்சம் வேண்டும். ரியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பொறுக்குகிறவரின் நிழலே பருப்பின்மேல் விழும். இதிலும் கிலோக் கணக்குக் கூலி கொடுப்பது மடத்தனம். வேகமாகத் தள்ளிவிடுகிறவருக்குத்தான் அதிகப் பணம், கண்பார்த்துப் பொறுக்குகிறவருக்கு நட்டம். நாட்கூலிதான் இந்த வேலைக்குச் சரி. பொறுக்கி ஒதுக்கியதை அரைத்து வேறு பலகாரத்தில் சேர்க்கிற பழக்கம் எங்கேயாவது இருந்தால் அது குற்றம்; ஒதுக்கியது ஒதுக்கியதுதான்.

நமத்துப்போவது பொதிமேசை விடயம். எங்கள் தொழிலின் தலையெழுத்து, தீபாவளி, நத்தார், பொங்கல் என்று ஓடர் குவியும் காலமும் வாடைக்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் காலமும் ஒன்றாக இருப்பது. பொரித்த பலகாரத்தில் இரண்டு மூன்று சதவீத ஈரமே மிச்சம், அதனால் அது சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்ச ஆவலாக இருக்கும். கார்த்திகையில் திறந்த தட்டில் ஒரு மணித்தியாலம் வைத்தாலே மொறுமொறுப்புப் போய்விடும். அதற்குப் பயந்து சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வியர்த்து அதுவும் நமத்துப்போகும். பரவி ஆறவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்தவுடன் மூடியுள்ள பீப்பாவுக்கு மாற்றி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அடைக்கவேண்டும். பையின் வாயைச் சூட்டால் ஒட்டும் சீலரின் சூடு கூடினால் பை உருகி நூல்விடும், குறைந்தால் ஒட்டியதுபோல் இருந்து பிறகு பிரியும். ஒட்டும் விளிம்பில் ஒரு ஓமப்பொடித் துண்டு அகப்பட்டாலும் காற்று உள்ளே போக அது வழி. பக்கற் கணக்கில் கூலி பெறுகிறவர் அந்தத் துண்டைத் துடைக்க நிற்கமாட்டார். ஐம்பது பக்கற்றுக்கு ஒன்றை எடுத்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தால் போதும், குமிழி வந்தால் சீலரை நிறுத்திச் சரிபார்க்கவேண்டும். இந்தச் சோதனை செய்கிற நேரத்துக்கும் சம்பளம் இருக்கவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

சம்பளம் என்றபடியால் ஒன்று. பக்கற் கணக்கு, கிலோக் கணக்கு, தற்காலிகம் என்று எந்தப் பெயரில் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு உரிமை உண்டு. தொழிலாளியிடம் 8 சதவீதம், முதலாளியிடம் 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 சதவீதம். வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சில இடங்களில் பெயர்ப்பதிவு ஏன் பதினான்கோடு நின்றுவிடுகிறது என்பதைத் தொழில் திணைக்களம் யோசித்துப் பார்க்கலாம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சுவர்ப்பூச்சு, கழிவறை, வைத்தியச் சான்றிதழ் பார்ப்பது அவசியமானதே. அவர்களிடமும் தொழில் திணைக்கள அலுவலர்களிடமும் நாங்கள் கேட்பது, காலை ஒன்பது மணிக்கு வராதீர்கள். அப்போது தரை கழுவியிருக்கும், எண்ணெய் புதிதாக இருக்கும், ஆட்களும் தெம்பாக இருப்பார்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பின்னேரம் மூன்று மணிக்கு, ஒரு வெப்பமானியோடு வாருங்கள். தாச்சியின் அடியை அகப்பையால் ஒருமுறை வழித்துப் பாருங்கள், மூடி எந்தச் சுவரில் தொங்குகிறது என்று பாருங்கள், மேசையிலிருந்து ஏதாவது ஒரு பக்கற்றை எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்குங்கள்.

இப்படிக்கு,
சிற்றுண்டி உற்பத்தித் தொழிலில் உள்ளோர் சிலர்,
திருகோணமலை.