தில்லியில் என்னைப் பேசவைத்தவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கும், ஐயாவுக்கும், நகல் கடை பையாவுக்கும் (இந்தியில் அண்ணன்), என் அறைத்தோழிக்கும்,

வணக்கம். முதுகலை வரலாறு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மோசமில்லை. அடுத்த வாரம் நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி மதுரை போகிறேன். அதற்குள் சொல்லித் தீர்க்க வேண்டிய கடன்கள் சில இருக்கின்றன. நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அல்லது உளறிவிடுவேன். அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

திருமங்கலத்தில் பன்னிரண்டு ஆண்டும் தமிழ்வழியில் படித்தவள் நான். பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, ‘புரியவில்லை’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. தலையாட்டுவேன். தில்லிப் பல்கலைக்கழகத்திலும் முதல் மாதம் முழுக்க அப்படியே ஓட்டினேன். கருத்தரங்கில் என் முதல் கட்டுரையை வாசித்து முடித்ததும் ஒருவர் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். “இது ஆம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்வி இல்லையே” என்றார். வகுப்பே சிரித்தது.

அக்கா, அன்று மாலை நீங்கள்தான் டீ வாங்கிக் கொடுத்து என் நகல் தாள்களைப் புரட்டினீர்கள். எல்லா வரியிலும் மஞ்சள் மை. “இந்தப் பக்கத்தில் எதை வேண்டாமென்று விட்டாய்?” என்று கேட்டீர்கள். எதையும் விடவில்லை. எது முக்கியம் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசியிருந்தேன். சிரிக்காமல் என் நோட்டை வாங்கி, இடது ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டு ஒரு கோடு போட்டீர்கள். வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்கம் அந்தக் குறிப்பை விடையாகக் கொண்ட கேள்வி, அடியில் இரண்டே வரிச் சுருக்கம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் வகுத்த முறை அது என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அது இன்றும் ‘அக்கா கோடு’தான்.

வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு விடை சொல்லிப் பார்க்கச் சொன்னீர்கள். முதல் வாரம் ஒன்றுமே வரவில்லை. உங்கள்மேல் கோபம்தான் வந்தது. வரிகள் என் கண்ணுக்குப் பழகியிருந்தன, அவ்வளவுதான். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையை அப்போது நீங்கள் சொன்னீர்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். முந்தின இரவு மட்டும் படித்து நான் இளங்கலையில் தப்பித்த ரகசியம் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது!

அறைத்தோழியே, நீ மணிப்பூர்க்காரி. உனக்குத் தமிழ் தெரியாது. இதை யாராவது உனக்குப் படித்துச் சொல்லட்டும். உன் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் மோதிக்கொண்ட கமலா நகர் விடுதி அறையில்தான் என் வெட்கம் போனது. இரவுதோறும் “இன்று படித்ததைச் சொல்” என்பாய். வேதியியல் மாணவிக்கு முகலாயர் நிலவரியைப் புரியவைக்க வேண்டும். நான் தடுமாறிய இடத்தையெல்லாம் மறுநாள் புத்தகத்தில் தேடிப் பார்ப்பேன். எனக்கே புரியாத இடமாக அது இருக்கும். நீ மட்டும் கூச்சமே இல்லாமல் “புரியவில்லை, மறுபடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்தச் சொல்லை உன் வாயிலிருந்துதான் நான் எடுத்துக்கொண்டேன்.

வளாகத்துப் பட்டேல் செஸ்ட் மருத்துவ நிறுவனத்தின் பக்கத்து நகல் கடை பையா, என் இந்திக்கு நீங்கள்தான் ஆசிரியர். “மேரா கிதாப்” என்று நான் கேட்கும்போதெல்லாம் தாளை நீட்டாமல் “மேரீ” என்று நான் சொல்லும்வரை காத்திருந்தீர்கள். புத்தகம் ஏன் பெண்பால் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. புத்தகப் பக்கங்களை நகலெடுத்து விற்றதற்காக வெளிநாட்டுப் பதிப்பகங்கள் மூன்று 2012-இல் வளாகத்து நகல் கடை ஒன்றின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டதையும், 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ததையும் உங்கள் சொந்தக் கடையே தப்பித்ததுபோல் சொல்வீர்கள். பாக்கி முப்பத்தாறு ரூபாயை ஊருக்குப் போகுமுன் கொடுத்துவிடுவேன்.

ஐயா, உங்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம். ஆர்.கே. புரம் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்துக்குத் தமிழ் வார இதழ் படிக்கத்தான் வந்தேன். மெட்ரோவில் ஹௌஸ் காஸில் இறங்கி வண்டி மாறி வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். வந்தவளை உட்காரவைத்து, “உன் பாடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு, தமிழிலேயே பேசு” என்றீர்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். நான் பேசப் பேச ஒரு தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும் எண்ணிக் காட்டினீர்கள்: நாற்பத்தொரு ‘வந்து’.

ஆங்கிலம் சரியாக வராததால்தான் பேச வரவில்லை என்று அதுவரை நம்பியிருந்தேன். தமிழிலும் பேச வரவில்லை என்று தெரிந்த அந்தப் பிற்பகல் கசந்தது. 1924-இல் கலிஃபோர்னியாவில் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் இப்படித் தேவையற்ற சொற்களை எண்ணுவதற்கென்றே ஓர் உறுப்பினர் இருப்பார் என்றும், மத்திய அரசு வேலையில் இருந்தபோது அந்தப் பொறுப்பை ஆசையாகக் கேட்டு வாங்குவீர்கள் என்றும் சொன்னீர்கள். நம்புகிறேன். ‘வந்து’ வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு மூச்சு விடச் சொன்னீர்கள். எட்டாவது ஞாயிற்றுக்கிழமை ஆறு கோடுகள்தான் விழுந்தன. அதில் இரண்டு, நான் உண்மையிலேயே எங்கோ வந்ததைச் சொன்ன ‘வந்து’. நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

என் பேராசிரியருக்கும் நன்றி. “பணிவுடன் வேண்டிக்கொள்வது” என்று தொடங்கி நான் எழுதிய அரைப்பக்க மின்னஞ்சலுக்கு, “என்ன வேண்டும் என்பதை முதல் வரியில் எழுது” என்று ஒரே வரியில் பதில் போட்டார். அந்தப் பதிலே பாடமாகிவிட்டது.

கடைசியாக அம்மா. இதை நீ படிக்க மாட்டாய், தம்பி படித்துக் காட்டுவான். 1580-இல் அக்பரின் அமைச்சர் தோடர்மால் பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி பார்த்து வரி வகுத்த கதையை ஒருநாள் போனில் சொன்னேன். நீ பூக் கட்டிக்கொண்டே கேட்டாய். எல்லாம் கேட்டுவிட்டு, “சரி, கொடுக்க முடியாதவன் என்ன செய்தான்?” என்றாய். எனக்குத் தெரியவில்லை. முதல்முறையாக உன்னிடம் தலையாட்டாமல், தெரியவில்லை அம்மா என்றேன். போனில் தலையாட்டினால் உனக்குத் தெரியவும் தெரியாது! வரி கட்ட முடியாமல் நிலத்தை விட்டு ஓடிய குடியானவர்களைப் பற்றித்தான் பிறகு என் ஆய்வேட்டை எழுதினேன். வாய்மொழித் தேர்வில், இந்தக் கேள்வி எப்படி வந்தது என்று கேட்டார்கள். திருமங்கலத்தில் பூக் கட்டும் ஒருவர் கேட்டார் என்று சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அக்கா, அந்த மஞ்சள் பேனா இன்னும் தீரவில்லை. விடுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அடுத்து வரும் தங்கை யாராவது எடுத்துக்கொள்ளட்டும். கோடு போட்ட நோட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
திருமங்கலத்துப் பெண்
வடக்கு வளாகம், தில்லி