அப்பா, அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது

அப்பா,

உகாண்டாவிலிருந்து ருவாண்டாவின் கிகாலிக்கு மாணவர் மாநாட்டுக்குப் போய் வந்து இன்றோடு ஒரு வருடம். உங்கள் கடைக் கடன் நோட்டை நான் மேடையில் படித்த அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி நீங்கள் அம்மாவிடம் சொல்லியனுப்பியும் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகிறது. எடுக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கப் போவதில்லை. இதை நேரில் சொல்ல நாலைந்து தடவை கடைக்கு வந்தேன், ஒவ்வொரு தடவையும் சர்க்கரை மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கேட்காமல் நோட்டை எடுத்தது தப்பு. அதற்கு மன்னித்துவிடுங்கள். மழையில் நனையக்கூடாது என்று பாலித்தீன் கவரில் சுற்றி, நீங்கள் ராத்திரி உட்கார்ந்து இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். உகாண்டாவின் கட்டுனா எல்லையைத் தாண்டியதும் ருவாண்டா பக்கத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள், அங்கே 2008 லிருந்தே பாலித்தீன் பைக்குத் தடை. அதிகாரி கவரை உருவி எடுத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினார். இது என்ன எழுத்து என்றார். "எங்க அப்பா எழுத்து" என்றேன். தமிழ் என்று சொல்ல அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

மாநாட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டம் முழுக்க இருந்து மாணவப் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள் அப்பா. 2007 இல் வந்த எம்-பெசா என்கிற மொபைல் பணச் சேவையைப் பற்றிக் கென்யாக்காரர்கள் சொந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார்கள், ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பைகளை ட்ரோன் கொண்டுபோய்ப் போடுவதை ஒரு ருவாண்டா பெண் விவரித்தாள். இரண்டாம் நாள் எங்கள் குழு சின்னக் கடைகளுக்கான பணப் பரிமாற்ற ஆப் ஒன்றைக் காட்டியது. "நெட்வொர்க்கையே நிறுத்திவிட்டால்?" என்று ஒருவர் கேட்டார். பரீட்சைத் தாள் கசியாமலிருக்கத் தன் நாட்டில் இணையத்தையே நிறுத்துவார்கள் என்று ஓர் எத்தியோப்பியப் பையன் சொன்னான். யாரிடமும் பதில் இல்லை. அப்போதுதான் நோட்டை வெளியே எடுத்தேன்.

2016 பிப்ரவரி 18, உகாண்டாவில் வாக்குப்பதிவு நாள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கோடு மொபைல் மணியையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு 13 வயது. எல்லோருடைய பணமும் போனுக்குள் மாட்டிக்கொண்டிருக்க, நீங்கள் ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துக்கொண்டு போஷோ என்கிற சோள மாவும் எண்ணெயும் கடனாகக் கொடுத்தீர்கள். வாங்கினவர்கள் பேரையெல்லாம் தமிழில் எழுதத் தெரியாமல் "மஞ்சள் ஹெல்மெட்", "முட்டை ரோலெக்ஸ் பையன், 2 ட்ரே", "இருமுகிற பாட்டி" என்று எழுதினீர்கள் (ரோலெக்ஸ் என்றால் சப்பாத்தியில் முட்டையைச் சுருட்டி விற்பது). அதை மேடையில் படித்தேன். சிரித்தார்கள். உண்மைதான்.

உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை அப்பா. அவரவர் தெருக்கடைக்காரர் ஞாபகம் வந்து சிரித்தார்கள். அப்புறம் அந்த நோட்டு எப்படி வேலை செய்தது, ஆளைத் தெரிந்து கடன் கொடுப்பதை ஒரு ஆப் எப்படிக் கற்றுக்கொள்ளும், இணைப்பு திரும்பியதும் கணக்கை எப்படி நேர் செய்வது என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். நீங்கள் சிரிப்பு வந்த இடத்திலேயே போனைக் கீழே வைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். அதற்கு மேல் பார்த்தால்தான் என்ன? என் பள்ளிக்கூட விழா எதற்காவது வந்திருக்கிறீர்களா? "நாம பிழைக்க வந்தவங்க, தலை தெரியாம இருக்கணும், 72 ல இடி அமீன் ஆசியாக்காரங்கள 90 நாள்ல கிளம்பச் சொன்ன ஊருடா இது." கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தேன். நீங்கள் வந்தவர். நான் இங்கேயே, கம்பாலாவின் முலாகோ ஆஸ்பத்திரியில் பிறந்தவன். நான் எங்கே போய்த் தலையை மறைத்துக்கொள்வது?

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் என்னை அரிக்கிறது. எல்லோரும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் முழுப்பேராக எழுதியிருக்கிறவரைப் பற்றி இங்கே எதுவும் சொல்லமாட்டேன், தமிழ்ச் சங்கத்து ஆட்களும் இதைப் படிப்பார்கள். அடுத்த டேர்ம் ஃபீஸ் கட்டவில்லை என்று என்னை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பினார்களே, அதற்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டென்று நோட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு உங்களிடம் கத்தினேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் அப்பா, 13 வயது அவ்வளவு சின்ன வயதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடுகிற நேரத்துக்கு நோட்டைக் கொண்டு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் "பச்சைச் சட்டை, சோப்பு 1" என்று எழுதி, கோடு போட்டு அடித்து, மறுபடி அதையே எழுதியிருக்கிறீர்கள். அது யாருப்பா?