பொறுத்திருக்கச் சொன்ன எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

பாப்பாவின் முதுகுத்தண்டை ஒட்டியிருந்த கட்டி, போன வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் இல்லை. கீமோ கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. பயாப்சிக்குத் துளி சதை எடுத்ததோடு சரி. தானாகவே சுருங்கி மறைந்துவிட்டது.

சளிக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் அது தெரிந்தது. நியூரோபிளாஸ்டோமா. முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நரம்புச் சங்கிலியில், முதிராமல் நின்றுபோன செல்களிலிருந்து வரும் புற்றுநோய். நான்கு மாதக் குழந்தைக்கா என்று உடைந்துபோயிருந்தோம். டாக்டரம்மாதான், “இந்த வயசுல வர்றது தானாவே போறதும் உண்டு. நோயை வேகமா வளர்க்கிற எம்.ஒய்.சி.என்.ங்கிற ஜீன் கட்டியில பெருகலைன்னா பொறுத்துப் பார்க்கலாம்” என்றார். பெருகவில்லை. ஏதாவது மருந்து கொடுங்கள் என்று நாங்கள் கெஞ்சியும் அவர் அசையவில்லை. அந்த உறுதிக்குத்தான் முதல் நன்றி.

கட்டி எலும்பு இடுக்கில் புகுந்து தண்டுவடத்தை அழுத்தினால் மட்டும் காத்திருக்க முடியாதாம். “கால் அசைவு குறைஞ்சா நடுராத்திரின்னாலும் கூப்பிடுங்க” என்றார். அன்றிலிருந்து டயாப்பர் மாற்றும்போது பாப்பா எட்டி உதைத்தால் வீட்டில் அது தலைப்புச் செய்தி.

இந்தக் கட்டி வெளியிடும் பொருள்கள் சிறுநீரில் தெரியும். அந்தச் சோதனைக்காக ஒட்டும் பை கழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, தோல் சிவக்காமல் உரித்து மறுபடி ஒட்டிய நர்ஸ் அக்காவை மறக்க முடியாது.

இன்னொரு நன்றி, முகம் தெரியாதவர்களுக்கு. ஜப்பானில் 1985 முதல் நாடு முழுக்க ஆறு மாதக் குழந்தைகளுக்கு இதே சிறுநீர்ச் சோதனையைச் செய்தார்கள். கட்டிகள் நிறையத் தெரிந்தன, சிகிச்சையும் நடந்தது. தானாகவே மறைந்திருக்கக்கூடியவை அதில் ஏராளம் என்று புரிந்தபின் 2004இல் நிறுத்தினார்கள். அந்தக் குழந்தைகள் பட்டதில்தான் எங்கள் பாப்பா தப்பித்தாள்.

அத்தை சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டார், மாடிவீட்டு அக்கா மாதக்கணக்கில் சோறு கொடுத்தனுப்பினார், அலுவலகத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். என்ன சொல்ல!

எந்த மருந்து, எந்தக் கஷாயம் என்று கேட்கிறவர்களுக்கு: ஒன்றுமில்லை. தயவுசெய்து எங்களைக் காட்டி வேறு யாரையும் காத்திருக்கச் சொல்லிவிடாதீர்கள். இதே நோய் கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் கடுமையான சிகிச்சை வேண்டியிருக்கும். எங்களைக் காக்கவைத்ததும் பரிசோதனை முடிவுகள்தான்.

அடுத்த ஸ்கேன் தை மாதம். ஆட்டோ அண்ணனிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று.

அன்புடன்,
பாப்பாவின் அப்பா