லேத்தை விற்க வேண்டாம், அப்பா

அயோவா,
மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இங்கே தபால் பெட்டி வீட்டு வாசலில் இல்லை, ரோட்டோரக் கம்பத்தில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு நேராக ஷெட்டுக்குள் போய் ஹீட்டர் பக்கத்தில் நின்று படித்தேன். மடிப்பில் உங்கள் கட்டைவிரல் ரேகை ஆயிலோடு அப்படியே பதிந்திருக்கிறது. போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. மீதிப் பாதியை அம்மா எனக்குச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறாள். நீங்கள் கடிதம் எழுத ஆரம்பித்தது எனக்கு எவ்வளவு நல்லதாகப் போயிற்று தெரியுமா?

நம் பட்டறை லேத்தை, அந்தக் கடைசல் மெஷினை, விற்றுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். இந்தக் குளிர்காலம் முழுக்க நான் என்ன வேலை செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்ல வருவது விளங்கும்.

“மெஷினுக்குத் துரு சுரண்டவா ஒரு பெண்ணை அமெரிக்காவுக்கு அனுப்பினோம்” என்று தங்கவயல் அத்தை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், துருதான் சுரண்டினேன். பெங்களூர் ஜி.கே.வி.கே. விவசாயப் பல்கலைக்கழகத்தில் படம் போட்டுப் படித்த மெஷினை இங்கே நட்டு நட்டாகப் பிரித்துப் பார்த்தேன். பயிற்சி விசாவில் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?

எங்கள் முதலாளியின் பண்ணை இந்த ஊர்க் கணக்கில் சின்னது, அறுபது ஏக்கர்தான். ஸ்வீட் கார்ன், பூசணி, பீன்ஸ், அப்புறம் மாவு அரைக்கக் கொஞ்சம் மக்காச்சோளம். சுற்றியுள்ள பெரிய பண்ணைகளில் ஒரே நேரத்தில் 24 வரிசை விதைக்கிற பிளான்டர் வைத்திருக்கிறார்கள். அதன் விலைக்கு ஸ்ரீராமபுரத்தில் நம் தெருவில் வீடே வாங்கலாம். அது எங்களுக்குக் கட்டாது. போன இலையுதிர் காலத்தில், விவசாயத்தை விட்டுவிட்ட ஒரு பெரியவர் வீட்டு ஏலத்தில் நாலு வரிசை ஜான் டீர் 7000 ஒன்றை முதலாளி எடுத்தார். 1970களின் நடுவில் வந்த மாடல், தம்பியும் நானும் பிறப்பதற்கு ரொம்ப முன்னால். பல வருஷமாகக் கொட்டகைக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்ததாம். செயின் எல்லாம் துருவேறி இறுகி, விதைப் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. முதலாளி அம்மா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டார்.

இந்த மெஷின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பிடிக்கும் அப்பா. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. டிராக்டர் இழுக்கும்போது பிளான்டரின் சக்கரம் தரையில் உருள்கிறது. அந்தச் சுற்று செயின் வழியாகப் பல்சக்கரங்களுக்கும், அங்கிருந்து அறுகோண ஷாஃப்டுக்கும் போய் நாலு விதைப் பெட்டிகளையும் ஓட்டுகிறது. டிராக்டர் மெதுவாகப் போனாலும் கொஞ்சம் வேகமாகப் போனாலும் விதைக்கும் விதைக்கும் இடைவெளி மாறாது. அதை மாற்ற வேண்டுமானால் பல்சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டும், நீங்கள் லேத்தில் மரை வெட்ட சேஞ்ச் கியர் மாற்றுவது போல. விதைப் பெட்டியை ஓட்டும் செயின் அரை அங்குலப் பிட்ச், கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்களே, அதேதான். பழைய செயினை டீசலில் ஊறப்போட்டுப் பார்த்தேன், பாதிக் கண்ணிகள் மடங்கவே இல்லை. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டோம்.

இந்த மெஷினின் உயிர் விதையை ஒவ்வொன்றாக எண்ணிப் போடும் பாகத்தில் இருக்கிறது. வட்டத் தகட்டைச் சுற்றி 12 விரல்கள். ஒவ்வொன்றும் ஸ்பிரிங் வைத்த சின்ன இரும்பு விரல். சுற்றி வரும்போது விதைக் குவியலுக்குள் விரல் திறக்கும், விரலைத் திறந்து பிடிக்கும் கேம் மேட்டைத் தாண்டியதும் ஸ்பிரிங் மூடும், ஒரு விதையைப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் இரண்டைப் பிடித்துவிடும். தகட்டில் மேடு பள்ளமாக ஓர் இடம் இருக்கிறது, அதன் மேல் இழுத்துக்கொண்டு போகும்போது குலுங்கி ஒன்று கீழே விழுந்துவிடும். அப்படியும் விழாததை ஒரு பிரஷ் தள்ளிவிடும். மிஞ்சிய ஒற்றை விதை ஓட்டை வழியாகப் பின்னால் இருக்கும் சின்ன பெல்ட்டில் விழுந்து, குழாய்க்குள் இறங்கி, மண்ணுக்குப் போகும். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் இதை யோசித்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. எங்கள் மெஷினில் பிரஷ் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. பெல்ட்டில் வெடிப்பு, பல ஸ்பிரிங்குகளில் இழுவை போய்விட்டது. பழைய விதை மருந்து அப்பிக் காய்ந்து விரல்கள் ஒட்டிக்கிடந்தன. நாலு பெட்டியின் 48 விரல்களையும் கழற்றிக் கழுவி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் மாட்டினேன். எந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று கைக்கே தெரிகிறது. அந்தக் கை நீங்கள் கொடுத்தது.

அப்புறம் மண்ணைக் கிழிக்கும் தட்டுகள். வரிசைக்கு இரண்டு, முன்பக்கம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு V மாதிரி நிற்கும். புதிதில் பதின்மூன்றரை அங்குல விட்டம், 13க்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். இரண்டும் சரியாகத் தொடுகின்றனவா என்று பார்க்க விசிட்டிங் கார்டு போதும். முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, முட்டுகிற வரை உள்ளே செருக வேண்டும். இரண்டு கார்டுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் வாஷரை உள்ளேயிருந்து வெளியே மாற்றிப் போட்டு நெருக்க வேண்டும். நெருங்காத தட்டு V வெட்டாது, W வெட்டும். நடுவில் மண் மேடு நிற்கும், விதை ஒன்று மேலே ஒன்று கீழே விழும், முளைப்பும் முன்னே பின்னே வரும். இந்தத் தட்டு போல்ட்டுகளில் ஒரு பக்கம் இடது மரை. முதலாளி ஸ்பேனரில் குழாய் மாட்டி வழக்கமான பக்கமே தொங்கிக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்பினேன், கழன்று வந்தது. அன்றிலிருந்து ஷெட் சாவி என்னிடம்தான்.

வரிசைகளுக்கு நடுவே 30 அங்குலம் வைத்திருக்கிறோம். இந்த அகலத்தில் 17 அடி 5 அங்குலம் நீள வரிசை என்றால் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நீளத்தில் 24 செடி முளைத்திருந்தால் ஏக்கருக்கு 24,000. மண்ணின் சூடு 10 டிகிரிக்கு வந்த பிறகுதான் விதைக்க வேண்டும். இப்போது மண் இரும்பாக இறுகிக்கிடக்கிறது.

எதிர்ப் பண்ணைப் பெரியவரைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். எண்பது தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் பத்து மணிக்கு வருவார், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்வார், மதியம் வரை நான் வேலை செய்வதைப் பார்ப்பார். பேச்சு மிகக் குறைவு. ஆனால் எனக்கு எந்த போல்ட் தேவை என்று நான் தேட ஆரம்பிக்கும் முன்பே தன் காபி டப்பாவைத் துழாவி எடுத்து நீட்டுவார். ஒரு நாள் ஒரு துண்டுக் கம்பி கொண்டுவந்தார், நடுவில் முடிச்சு. அவருடைய அப்பா காலத்தில் இப்படி 40 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கம்பியை வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கட்டுவார்களாம். பிளான்டர் அந்தக் கம்பியைப் பிடித்தபடி போகும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு நெம்பைத் தட்டும், அங்கே விதை விழும். நெடுக்கிலும் குறுக்கிலும் செடிகள் நேராக நிற்பதால் குதிரையைக் கட்டி இரண்டு பக்கமும் களை எடுக்கலாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுபடி வாய் மூடிக்கொண்டார். பேச்சுத் துணை இல்லையே என்று அம்மா கவலைப்பட வேண்டாம், அவர் வருகிறார்.

சாப்பாட்டுக்கும் குறை இல்லை. இங்கே அரைக்கிற மக்காச்சோள மாவில் களி கிண்டுகிறேன், பாட்டி ராகிக் களி கிண்டுவாளே அதே பதம். மாவு பண்ணையிலேயே கிடைப்பதால் கடைக்குப் போகிற வேலை இல்லை. பெரும்பாலும் ராத்திரிக்கு அதுதான், எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. அம்மா கொடுத்த ரசப் பொடி இன்னும் இருக்கிறது, கொஞ்சமாகப் போட்டுக்கொள்கிறேன். கனமான கோட்டு ஒன்று பழைய துணிக் கடையில் எட்டு டாலருக்குக் கிடைத்தது, உள்ளே கம்பளி. ஜனவரியில் மைனஸ் இருபதுக்கும் கீழே போனபோதுகூடத் தாங்கியது. ராத்திரியில் ஷெட் என் அறையைவிடச் சூடாக இருப்பதால் சில நாள் வேலை முடிந்தும் அங்கேயே இருந்து படிக்கிறேன்.

போன வாரம் எல்லாம் மாட்டி முடித்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினோம். நாலு குழாயிலிருந்தும் விதை சீராக விழுந்தது. நான் அறைக்கு ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து நாலு பெட்டியையும் தாங்கும் டூல் பாரில் வைத்தேன். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அப்போது எனக்கு நம் ஆயுத பூஜை ஞாபகம் வந்துவிட்டது அப்பா. லேத்துக்குச் சந்தனம், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பொட்டு, ஷட்டரில் வாழைக்கன்று, தம்பி ரோட்டில் பூசணிக்காய் உடைப்பது, பொரியும் கடலையும் கேட்டுப் பக்கத்துப் பட்டறைப் பையன்கள் வந்து நிற்பது. கூலன்ட் வாசனையோடு நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா “கை கழுவிட்டு வா” என்று சொல்லும் குரல். எனக்கு அங்கே வந்துவிட வேண்டும் போல இருந்தது. பெரியவர் பார்க்காமல் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்போது லேத்.

ஓசூர் சித்தப்பா கூட்டிவந்த ஆள் கிலோக் கணக்கில் விலை சொல்லியிருக்கிறார். ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் செய்த லேத்தைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட விடாதீர்கள். கடைகிற ஜாப் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்து டேப்பர் அடிக்கிறது, மரை வெட்டும்போது தவறுகிறது, அதனால் இனி உதவாது என்று எழுதியிருக்கிறீர்கள். கத்தியைத் தாங்கி நகரும் சாடில் இருபத்தைந்து வருஷமாகச் சக் பக்கத்திலேயே ஓடியிருக்கிறது, அங்கே அது ஓடுகிற பெட் தேய்ந்துதான் இருக்கும். சாடிலை அங்கே இறுக்கினால் மறு கோடியில் டெயில்ஸ்டாக் பக்கம் சிக்கும். மரை தவறுவதற்கு, மரை வெட்டும்போது சாடிலை இழுக்கும் ஹாஃப் நட்டின் தேய்வு காரணமாக இருக்கலாம். சக்கைச் சுற்றும் ஹெட்ஸ்டாக்கில் சத்தம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெட்டை கிரைண்டிங் செய்து, சாடிலை ஸ்கிரேப் செய்து உட்கார வைத்து, ஹாஃப் நட்டை கன்மெட்டலில் புதிதாக ஊற்றிக் கடைந்தால் போதும். பீன்யா தொழிற்பேட்டையில் பெட் கிரைண்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட வேண்டாம். விற்றே ஆக வேண்டும் என்றாலும், ஓடுகிற லேத்தாக விற்றால் கிடைக்கும் விலை வேறு.

தம்பி சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின், கேட்பது தப்பில்லை. ஆனால் வாடகை ஷெட்டில், கையில் ஆர்டர் இல்லாமல், அம்மா நகையை வைத்து வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். முதலில் ஒரு வருஷம் வேறு பட்டறையில் அந்த மெஷின் ஓட்டிப் பழகட்டும். ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் பீன்யாவில் இறங்கப்போகிறான், போக வரச் சிரமமில்லை. இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபத்தை என் மேல் காட்டட்டும்.

நம் பட்டறை ஷெட்டின் வாடகைப் பாக்கிக்கு ஏப்ரல் கடைசியில் அனுப்புகிறேன். பேங்க் மாற்றியதால்தான் பிப்ரவரியில் தாமதம். விதைப்பு தொடங்கினால் வேலை நேரமும் கூடிவிடும், சேர்த்தே அனுப்பிவிடலாம். ஷெட் ஓனரிடம் மே மாதம் வரை தவணை கேளுங்கள், அத்தையிடம் கைமாற்று வாங்க வேண்டாம். அத்தை கொண்டுவந்த வரனுக்கும் இப்போது பதில் சொல்லாதீர்கள், நான் ஊருக்கு வந்த பிறகு பேசலாம்.

மின்டோ கண் ஆஸ்பத்திரியில் பாட்டி கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் பங்குனி, சித்திரை என்று பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுவது தம்பி பொறுப்பு. பாட்டி அடுப்புப் பக்கம் போகாமல் அம்மா பார்த்துக்கொள்ள வேண்டும்.

லேத் பெட்டைச் சக் பக்கம், நடு, டெயில்ஸ்டாக் பக்கம் மூன்று இடத்திலும் டயல் கேஜ் வைத்துத் தேய்மானத்தை அளந்து, கிரைண்டிங் விலையோடு எனக்கு எழுதுங்கள். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், ரசப் பொடி கூரியரில் அனுப்ப வேண்டாம், அனுப்புகிற செலவு அதிகம். அந்தப் பணத்தில் பாட்டிக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்